தூக்குச்சட்டியை நிரப்பும் கை

கற்பனைச் சாகசக் கதைகளில் புறப்படும் வீரனுக்கு வாள், கேடயம், கயிறு, தீப்பந்தம் எல்லாம் கொடுத்தனுப்புகிறார்கள். கூடவே ஒரு சட்டியையும் கொடுக்கிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் சாகசக்காரன் வாங்கக்கூடிய பொருள்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, கவ்விப் பூட்டும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே குவளையும் கரண்டி முதலானவையும் இருக்கும். பெட்டியின் ஒரு பாதி அடுப்பில் ஏறும், மறுபாதி தட்டாகும். எடை ஒரு பவுண்டு, விலை இரண்டு வெள்ளிக்காசு. ரியோகோ குயி 2014 முதல் 2023 வரை வரைந்த 'டன்ஜன் மெஷி' என்ற ஜப்பானியப் படக்கதையில் குள்ளர் இனத்துச் சமையல்காரர் சுமக்கும் வாணலி, ஒரு காலத்தில் கேடயமாக இருந்தது. டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' நாவலில் சாம் என்ற தோட்டக்காரன் தன் சமையல் பாத்திரங்களை மலையும் சதுப்பும் தாண்டிச் சுமந்துபோகிறான். எதிரியின் நிலத்துக்குள், திரும்பி வரும் நம்பிக்கை அற்றுப்போன இடத்தில்தான், அவற்றைப் பாறைப் பிளவுக்குள் எறிகிறான். சுமந்துவந்த சாமான்களில் வேறெதை விடும்போதும் வராத துயரம் அப்போது அவனுக்கு வருகிறது. டோல்கீன் முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்தவர். சாப்பாட்டுத் தகரத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கதைகளும் பட்டியல்களும் ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எடைக்கு ஒரு கட்டமும் விலைக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. அந்தச் சட்டியை யார் நிரப்புகிறார் என்பதற்குக் கட்டம் இல்லை. மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களிலும் பண்டமாரான் போன்ற புதுக்கிராமங்களிலும் உணவுப் பாத்திரத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால், விடுபட்டுப்போன அந்தக் கட்டமே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ரப்பர்த் தோட்டத் தொழிலாளியின் சாமான்களை ஒரு பயணியின் சாமான்களாகப் பார்ப்பது மிகை அல்ல. மரத்துக்குள் பாலின் அழுத்தம் வெயில் ஏறுமுன் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறையும். அதனால் பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில், பாம்பும் தேளும் பன்றியும் உள்ள நிரைகளுக்குள் ஆளுக்குச் சில நூறு மரங்களைத் தேடி நடக்க வேண்டும். கையில் உளிக்கத்தி, தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரு முனையிலும் பால் வாளிகள், அவற்றோடு ஒரு தூக்குச்சட்டி. அலுமினியத்திலோ எனாமல் பூசிய தகரத்திலோ செய்த அந்தச் சட்டிக்கு வளைந்த கம்பிக் கைப்பிடியும் இறுக்கமான மூடியும் உண்டு. மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் வரக்காப்பி ஊற்றும் குவளை. நிமிர்த்தி வைத்தால் சம்பலோ கருவாடோ வைக்கும் தட்டு. தரையில் வைத்தால் எறும்பு மொய்க்கும் என்பதால் கைப்பிடி கிளைக்கொக்கியாகவும் வேலை செய்யும். ஆறிப்போனதைச் சூடாக்கச் சுள்ளிகளைக் கூட்டித் தீ மூட்டினால் அதே சட்டி அடுப்பில் ஏறும். விளையாட்டுப் பட்டியல் இரண்டு வெள்ளிக்காசுக்கு விற்கும் பெட்டிக்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடெல்லாம் அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்கு லயத்து அடுப்படியில் நடப்பதில் இருக்கிறது. அடுப்பை மூட்டி, சோறு வடித்து, குழம்பையோ துவையலையோ மேலே வைத்து மூடுகிறவள் பெரும்பாலும் தானும் அன்றைக்குப் பால்வெட்டப் போகிறவள். கணவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ஆயாக்கொட்டகையில் விடப்போகும் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது என்று கட்டிவிட்டுத்தான் அவள் பெரட்டுக்கு ஓடினாள். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் அவள் வெட்டிய மரங்களுக்கும் சேர்த்த பாலுக்கும் பதிவு உண்டு. அந்த அடுப்படி நேரத்துக்குப் பதிவு கிடையாது.

ஒரே பொருள் பல வேலை செய்வது அந்த வாழ்க்கையில் விதிவிலக்காக இருக்கவில்லை. நான்கு காலன் பிடிக்கும் மண்ணெண்ணெய் டின் காலியானதும் தண்ணீர் தூக்கவும் வெந்நீர் போடவும் அரிசி கொட்டி வைக்கவும் பயன்பட்டது. ஓட்டை விழுந்த பிறகு வெட்டி விரித்துக் கூரைக்கும் கோழிக்கூண்டுக்கும் அடித்தார்கள். கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியானது. காப்பிக் கடைகளில் அதே டின்னின் விளிம்பில் கயிறு கோத்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். மூங்கில் இன்னும் பழைய கதை. பச்சை மூங்கிலின் சுவரில் ஈரம் இருக்கும்வரை அது எரிந்து உடைவதில்லை, அதற்குள் உள்ளே இருப்பது வெந்துவிடும். அதனால்தான் மலாய்க்காரர்கள் வாழையிலை வைத்து லெமாங் சுடுகிறார்கள், பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்களால் காட்டில் பாத்திரமே சுமக்காமல் நடக்க முடிந்தது, நம் வீடுகளில் புட்டு மூங்கில் குழலில் வெந்தது. பாராங் கத்தி புதர் வெட்டும், விறகு பிளக்கும், தேங்காய் உடைக்கும், சண்டை வந்தால் ஆளையும் வெட்டும். மலாயாவில் 1958இல் வந்த ஆயுதச் சட்டம் இதை நேராகவே எதிர்கொண்டது: பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தோடு நடமாடுகிறவர் அதற்குச் சட்டம் ஏற்கும் ஒரு காரணம் காட்ட வேண்டும். தேங்காய்த் தோப்புக்குப் போகிறவரின் கையில் பாராங் ஒரு வேலைக்கருவி. நள்ளிரவில் தெருமுனையில் நிற்பவரின் கையில் அதே பாராங் வேறு பொருள். இரும்பின் நீளமோ கூர்மையோ மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. பின்னால் இருக்கும் ஏற்பாடே, அதாவது எங்கே, எதற்காக, யார் அனுப்பி என்பதே தீர்மானிக்கிறது. உணவுப் பாத்திரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதை 1950களின் கிள்ளான் பள்ளத்தாக்கு காட்டியது.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் காட்டோரத்துக் குடியிருப்புகளிலிருந்து போய்க்கொண்டிருந்தன. 1950இல் இராணுவ நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்ற சர் ஹெரால்ட் பிரிக்ஸ், போராளிகளைக் காட்டில் துரத்துவதைவிட அவர்களுக்கும் ஊருக்கும் இடையிலான தொடர்பை அறுப்பதே வழி என்று திட்டமிட்டார். காட்டோரங்களில் பரவிக் கிடந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இருக்கும் பண்டமாரான் அப்படி உருவான ஊர்களில் ஒன்று. சிலாங்கூரின் பெரிய புதுக்கிராமங்களில் அதுவும் சேரும். தமிழர்கள் பெருவாரியாக வாழ்ந்த தோட்ட லயங்கள் பல வேறு விதமாகக் கையாளப்பட்டன: ஊரைப் பெயர்க்காமல், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி, வேலி கட்டி, வாசல் வைத்து, காவல் போட்டார்கள். பண்டமாரான் சீனக் குடும்பத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கும் மொழியும் கோயிலும் சாப்பாடும் வேறு. அந்த ஆண்டுகளில் இருவரின் வாழ்க்கையிலும் ஒரே மாதிரி வந்து நின்றது அந்த வாசல்.

வாசலில் சோதித்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியையும் துண்டுப்பிரசுரத்தையும் தேடியது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் 1951இலிருந்து இறுக்கப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டின்கீழ் நாள்தோறும் தேடப்பட்டது சோறு. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கடைக்காரர் யாருக்கு என்ன விற்றார் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. உணவு ஏற்றிய லாரிகள் குறித்த சாலைகளில் குறித்த நேரத்தில் மட்டும் ஓடின. கட்டுப்பாடு கடுமையான வட்டாரங்களில் வேலைக்குப் போகிறவர் பகல் சாப்பாட்டைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியவில்லை. பால்வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்து, திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும். மக்கள் பதிலுக்குத் தங்கள் சாமான்களையே வேறாக்கினார்கள். சைக்கிளின் இரும்புக் குழாய்க்குள்ளும் காற்றடிக்கும் பம்புக்குள்ளும் அரிசி போனது. வாளிகளுக்கு இரட்டை அடி வைக்கப்பட்டது. பன்றித் தீனி வாளியின் அடியைக் காவலர் துழாவ மாட்டார் என்ற கணக்கில் அங்கே உணவு வைக்கப்பட்டது. சைக்கிளைப் பற்றி ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. பத்தே ஆண்டுகளுக்கு முன், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். அதே வட்டாரத்தில் இப்போது சைக்கிளிலிருந்து இறங்கி, அதன் குழாய்களைத் தட்டிப் பார்க்க விட வேண்டியிருந்தது.

கட்டுப்பாட்டு விதிகளில் இரண்டு என் வாதத்துக்கு மிக நெருக்கமானவை. ஒன்று, டின்னில் துளையிடுவது. கட்டுப்பாடு நடப்பிலிருந்த இடங்களில் சார்டின் டின்னையோ பால் டின்னையோ கடைக்காரர் அப்படியே விற்கக் கூடாது. கண்ணெதிரே குத்தித் துளையிட்டுத்தான் தர வேண்டும். துளை விழுந்த டின்னிலிருந்து வாங்கியவருக்கு ஒரு கரண்டி உணவும் குறையவில்லை. அன்றோ மறுநாளோ வீட்டில் தின்று தீர்க்கிறவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. பறிக்கப்பட்டது டின்னின் பொறுமை: மாதக்கணக்கில் காட்டில் புதைந்து கிடந்து, தேவைப்பட்ட நாளில் திறக்கப்படும் ஆற்றல். இரண்டாவது, 1950களின் நடுவில் சில வட்டாரங்களில் வந்த பொதுச் சமையல். அங்கே குடும்பங்களுக்கு அரிசியாகவே கொடுக்கவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் சமைத்துச் சோறாக அளந்தார்கள். உலர்ந்த அரிசி மாதக்கணக்கில் கெடாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சோறு ஒரு நாள் தாண்டாது. தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கினாலும் மறுநாள் காலை வரைதான். அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளவும், எப்போது எவ்வளவு உலையில் போடுவது என்று முடிவு செய்யவும் ஒரு குடும்பத்துக்கு இருந்த உரிமை அந்த அண்டாவுக்குள் போய்விட்டது. விமானமும் பீரங்கியும் வைத்திருந்த ஓர் அரசு, தன் எதிரியின் தொலைவையும் நாள்களையும் குறைக்கக் கடைசியில் கை வைத்தது வீட்டு அடுப்பின் மேல். சாகசக் கதைகளின் பட்டியல்கள் சட்டியைக் கடைசி வரியில் எழுதுகின்றன. பிரிக்ஸும், அவருக்குப் பின் 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளரும் அதை முதல் வரியில் வைத்தார்கள்.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. அரசின் இலக்கு அரிசியே, பாத்திரம் வெறும் உறை. உணவுக்கு உரியதைப் பாத்திரத்தின் தலையில் கட்டுவது சரியா என்று கேட்கலாம். அரிசி மட்டுமே இலக்காக இருந்திருந்தால் பங்கீட்டை இன்னும் குறைத்தால் போதும். அதையும் அரசு செய்தது: 1952இல் தஞ்சோங் மாலிமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து அரிசிப் பங்கையும் வெட்டினார். ஆனால் துளையிட்ட டின்னும் பொதுச் சமையலும் உணவின் அளவைத் தொடாத விதிகள். அவை தொட்டது உணவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, இன்றிலிருந்து இன்னொரு நாளுக்குப் போகும் வழியை. பாத்திரம் என்று நான் சொல்வது அந்த வழியைத்தான். மூடி, கைப்பிடி, கொக்கி, அடுக்கு எல்லாம் அந்த வழி உருவெடுத்து நிற்கும் இடங்கள்.

பாத்திரம் கையில் இருந்தும் பின்னால் ஏற்பாடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1942–43இன் சயாம் ரயில்பாதை சாட்சி. ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஆசை காட்டி அழைத்தவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலில் எழுதியது இந்த அழிவைத்தான். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியபோது, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தார்கள். சோற்றுக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டுத் தகரத்தைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்த பிறகே நீட்ட வேண்டும். அதற்குக் கொதிநீரைக் காய்ச்சிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும், விறகுக்கு ஆள் வேண்டும், முக்காதவனைத் திருப்பி அனுப்ப ஓர் அதிகாரி வேண்டும், ஏன் முக்க வேண்டும் என்று அறிந்த மருத்துவர் வேண்டும். தோட்டங்களிலிருந்து தனித்தனியாக அள்ளி வரப்பட்ட தொழிலாளிகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. 60,000க்கும் அதிகமான போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களின் சரியான கணக்கைக்கூட எவரும் வைத்திருக்கவில்லை. தமிழ்த் தொழிலாளியின் கையிலும் ஒரு மங்குக் கிண்ணமோ தகரமோ மூங்கில் குழலோ இருந்திருக்கும். கொதிநீர் அண்டா ஒன்றும் அதைச் சுற்றி நிற்கும் நான்கு பேரும் இல்லாதபோது அந்தப் பாத்திரமே நோயை வாய்க்குக் கொண்டுபோகும் வழியாகிவிட்டது.

நம் மொழியில் உணவுப் பாத்திரத்தைச் சாகசத்தின் நடுவில் வைத்த காப்பியம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அதில் வாள்வீரனுக்குக் கிடைக்கும் மாயக்கருவிக்கு ஈடான இடம் அமுதசுரபிக்குத் தரப்பட்டிருக்கிறது. அது கடல் கடக்கிறது, தொலைகிறது, தீவில் ஒரு பொய்கைக்குள் மறைகிறது, ஆண்டுக்கொரு முறை வெளிப்படுகிறது, உரியவள் கைக்கு வருகிறது. ஆனால் சாத்தனார் அந்தப் பாத்திரத்துக்கு வைத்த வரம்புகளே அவருடைய நுட்பம். மதுரையில் சிந்தாதேவியிடமிருந்து அதைப் பெற்ற ஆபுத்திரன் பசித்தவர்களுக்கு ஊட்டுகிறான். இந்திரன் சினம் கொண்டு பாண்டிய நாட்டில் மழை பொழியச் செய்கிறான். வறட்சி நீங்குகிறது, பசித்து வருபவர் இல்லாமல் போகிறார்கள். வற்றாத பாத்திரம் கையில் இருக்க, அதற்கு வேலை இல்லை. சாவகத்தில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பல்காரர்கள் சொல்லக் கேட்டு, நம் இந்தத் திசைக் கடலை நோக்கி அவன் கப்பல் ஏறுகிறான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத் தீவில் தன் ஒரு வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினியாலேயே உயிர் விடுகிறான். எத்தனை பேருக்கும் சோறு சுரக்கும் பாத்திரத்தை வைத்திருந்தவன் பசியால் சாகும் இந்த இடத்தை, பாத்திரம் தனித்து இயங்காது என்பதற்கு நம் இலக்கியம் தந்த மிகக் கடுமையான சான்றாகவே நான் படிக்கிறேன்.

பிறகு அது மணிமேகலையிடம் வருகிறது. புகாரில் அவள் நேராகத் தெருவில் இறங்கிச் சோறு வழங்கத் தொடங்குவதில்லை. பாத்திரத்தில் முதல் பிச்சையை ஒருத்தி இட வேண்டும். அதன் பிறகே அது சுரக்கும். அதற்கு உரியவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கி, மனிதரைத் தின்னும் கூட்டத்தின் நடுவில் அவர்கள் மொழி தெரிந்ததால் உயிர் தப்பித் திரும்பியவன். காப்பியத்தின் மிகப் பெரிய கடற்சாகசம் அவனுடையது. ஆனாலும் பாத்திரத்தைத் தொடங்கிவைக்கும் கை அவனுடையது அல்ல, அவன் வருகைக்காக ஊரில் காத்திருந்தவளுடையது. அந்த முதல் பிச்சைக்குப் பிறகுதான் காயசண்டிகையின் அடங்காத யானைத்தீ என்னும் பசி அடங்குகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பாரதத்தில் சூரியன் தருமனுக்குத் தந்த அட்சய பாத்திரத்துக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு: திரௌபதி உண்டு முடித்தால் அன்றைக்கு அது ஓய்ந்துவிடும். வனவாசத்துக்குத் தேவையான கருவியைத் தெய்வம் ஆணுக்குக் கொடுக்கிறது, அதன் கடிகாரம் ஒரு பெண்ணின் கடைசிக் கவளத்தில் ஓடுகிறது.

அமுதசுரபி பௌத்த அறத்தின் குறியீடு, அதைத் தூக்குச்சட்டியோடு வைத்துப் பேசுவது காப்பியத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று கேட்பார்கள். பிச்சைப் பாத்திரம் துறவியின் அன்றாடச் சாமான் என்பதிலிருந்துதான் அந்தக் குறியீடே பிறந்தது. துறவி சமைப்பதில்லை, ஊர் நிரப்பினால் உண்கிறார். அந்தப் பாத்திரத்தின் முழு அறமும் பிறர் கை அதை நிரப்ப வேண்டும் என்ற சார்பில் நிற்கிறது. வேலைக்காட்டில் மரக்கிளையில் தொங்கிய சட்டியும் வேறொரு விதத்தில் அதே சார்பில் நின்றது. இவை இரண்டையும் அருகருகே வைப்பதால் காப்பியம் தாழ்ந்துவிடாது. தூக்குச்சட்டியை இத்தனை நாளும் நாம் தாழ்வாகப் பார்த்தது மட்டுமே வெளிப்படும்.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது: இரண்டு வேலைக்குச் செய்த பொருள் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் என்பது. இதற்கு நல்ல உதாரணம் 1941இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட எம்-1 தலைக்கவசம். உள்ளுறையைக் கழற்றிவிட்டால் வெளி ஓடு ஒரு சட்டி. வீரர்கள் அதில் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், காப்பி காய்ச்சினார்கள். நெருப்பில் வைத்தால் எஃகின் பதம் கெட்டு, குண்டுச் சிதறலைத் தாங்கும் வலு குறையும் என்று ராணுவம் எச்சரித்தது. 1980களில் செயற்கை இழையில் செய்த கவசம் வந்தபோது அந்தச் சட்டி வேலை முடிந்தது. இங்கே மறுப்பு செல்லும் என்று ஒப்புக்கொள்கிறேன். கேடயத்தை வாணலியாக்கும் கதைகளின் கவர்ச்சி பெரும்பாலும் கதைக்குள் மட்டுமே. ஆனால் உணவுக்கென்றே செய்து, பிறகு தொலைவுக்குப் பழக்கிய பாத்திரங்களுக்கு இந்த இழப்பு கிடையாது. மூடி தட்டாவதால் சட்டி எதையும் இழப்பதில்லை. ஆயுதத்திலிருந்து அடுக்களைக்கு வரும் பொருளில் ஒன்று கெடுகிறது, அடுக்களையிலிருந்து வழிக்குப் போகும் பொருளில் அநேகமாக எதுவும் கெடுவதில்லை. மலாயாக் காட்டில் சண்டையிட்ட இரு தரப்பும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தகரங்களையும் பாராங்கையும் அரிசிப் பையையும் சுமந்தே திரிந்தன என்பது தற்செயல் அல்ல.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வறுமையைப் பற்றியது. பால் டின்னில் அரிசி அளந்ததும் மண்ணெண்ணெய் டின்னில் வெந்நீர் போட்டதும் வேறு வாங்க வழியில்லாததால். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடுவது, கூலியைக் குறைவாகக் கொடுத்தவர்களை நியாயப்படுத்திவிடும். இது சரியான எச்சரிக்கை. எனக்கும் அந்த டின்களின் மேல் பெருமை இல்லை. ஒரு தோட்ட நிர்வாகம் பால் சேர்க்க மங்கும் வாளியும் கொடுத்தது, வெட்ட உளிக்கத்தி கொடுத்தது. அவை உற்பத்திச் சாதனங்கள் என்று கணக்கில் ஏறின. அதே வேலையை நடத்திய சோற்றுச் சட்டியைத் தொழிலாளி தன் காசில் வாங்க வேண்டும், தன் விறகில் நிரப்ப வேண்டும், தன் தூக்கத்திலிருந்து நேரம் எடுக்க வேண்டும். பல வேலை செய்த அந்தப் பாத்திரங்கள், கம்பெனி கொடுக்க வேண்டியிருந்து கொடுக்காமல் விட்ட சாதனங்களின் கணக்கு. அவற்றைக் கூர்ந்து பார்ப்பது வறுமையை அழகாக்காது. கூலிப் பட்டியலில் எழுதப்படாத உழைப்பை, குறிப்பாகப் பெண்களின் உழைப்பை, எண்ணிக்கையில் பிடிக்க நமக்கு மிஞ்சியிருக்கும் சில வழிகளில் அது ஒன்று.

அந்த வழியும் அடைபட்டு வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. லயத்திலிருந்து வெளியேறியவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது கருத்த சட்டிகளையும் காண்டாக் கம்பையும் கொண்டுபோனவர்கள் குறைவு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இன்று பளபளக்கும் அடுக்கு டிபன் கேரியர்கள் கிடைக்கின்றன. அவை அழகானவை, ஆனால் வாசலில் எவரும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. எஞ்சியிருக்கும் பழைய பாத்திரங்களைச் சேகரிக்கும்போது செய்த ஆண்டையும் உலோகத்தையும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. எத்தனை பேருக்கான சோறு பிடித்தது, அடி ஓட்டையானபோது யார் அடைத்தது, எத்தனை மணிக்கு நிரப்பியது, நிரப்பியவள் அன்று எத்தனை மரம் வெட்டினாள், அவசரகாலத்தில் எந்த வாசலில் எந்தப் பெண் காவலர் அதைத் திறந்தார், அந்த ஆண்டுகளில் பகல் பசியை எப்படித் தள்ளினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பண்டமாரானின் சீன மூதாட்டிகளிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்; வேலி இரு பக்கமும் ஒன்றுதான். அவசரகாலத்தின் தொடக்கத்தில் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டுகிறது.